உப்பு ஏறிய தொட்டி

முழங்கை வரை கறுத்த தண்ணீருக்குள் போய்விட்ட கை, செய்ஜியின் கை, கத்தி கிழித்த விரல்களோடு தொட்டியின் அடியைத் துழாவி மேலே வருகிறது, எரியவில்லையா என்கிறேன், என் அப்பா பிறப்பதற்கு முந்தின தண்ணீர், புண்ணை ஆற்றுமே தவிர எரியாது என்று சிரிக்கிறார், அந்த நாற்றத்தில் எனக்குக் கண்ணில் நீர் முட்டுகிறது, கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த முதல் நாளா அது, பிறகு எப்போதோ கண்ட கனவா, தெரியவில்லை. தூத்துக்குடிக்கு மாசிக் கருவாடு வாங்க வந்தவரைக் கட்டிக்கொண்டு, கருவாட்டு வாடை எனக்கென்ன புதுசா என்று வாய் பேசி ஜப்பானுக்கு வந்தவள், இந்த ஊர்க் கருவாடான குசாயாவிடம் தோற்றுப்போனேன், கீறிய மீனை இந்தப் பழைய நீரில் ஊறவைத்து, அலசிக் காயவைப்பார்கள், மீன் மாறும், தண்ணீரைக் கொட்டவே மாட்டார்கள், உப்புப் பஞ்சத்தில் பிறந்த தண்ணீர், உப்புக் கூடினால் செத்துவிடும், மீன் போடாவிட்டாலும் இளைத்துவிடும் என்பார், பிள்ளையில்லாத வீட்டில் முதல் சாப்பாடு அதற்கு, அப்புறம்தான் எனக்கு என்று கேலி செய்வேன்.

துறைமுகத்துக் கூட்டுறவில் மீன் உலர்த்தும் குளிர்காற்று இயந்திரம் வந்தது, வாடை குறைத்து, சுட்டு, பையில் அடைத்து டோக்கியோவுக்கு அனுப்பினார்கள், அங்கே அடுக்குமாடியில் குசாயா சுட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறாராம், இவர் மட்டும் என் தண்ணீருக்கு உயிர் இருக்கும்வரை கூட்டுறவுக்குப் போக மாட்டேன் என்றார், பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்களைப் பார்க்க வந்திருந்த என் தம்பி கஸ்பாரிடம் தினமும் மீன் போடுடா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பலேறினோம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது புயலில் கப்பல் நின்று இன்னும் தாமதமானது, துறையில் கஸ்பார் ஓடி வருகிறான், உப்பளத்தில் வளர்ந்த பிள்ளை, யக்கா, மீனு ஒருநா தவறல, ஆனா நக்கிப் பாத்தா தண்ணியில உப்பே காணல, மச்சான் வாரதுக்குள்ள அழுவிப் போயிருமேன்னு உப்ப மூட்டையோட தட்டிட்டேன், இப்ப நாத்தமே இல்ல பாரு என்கிறான், என்ன சொல்கிறான் என்று செய்ஜி கேட்கிறார், தண்ணீரை நன்றாகப் பார்த்துக்கொண்டானாம் என்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கையை உள்ளே விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார், விரல்களையே பார்த்தபடி நின்றார், பிறகு கஸ்பார் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், ரொம்ப நன்றி தம்பி என்று தலை குனிந்தார், அவன் வெட்கப்பட்டான், அவனுக்கு இன்றும் தெரியாது, போனில் மச்சானோட தண்ணி எப்படி இருக்கு என்பான், இருக்குடா என்பேன்.

இப்போது அவர் கூட்டுறவில் ரப்பர் கையுறையோடு பைகளை அடுக்குகிறார், சோப்பு மணத்தோடு வீடு திரும்புகிறார், அந்த நாற்றத்துக்கு ஏங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியைத் திறந்து ஒரு மீனைப் போடுகிறார், பழக்கம் என்கிறார், நானும் கையை விடுகிறேன், முழங்கை வரை, வெறும் உப்புத் தண்ணீர், காய் நறுக்கியபோது பட்ட வெட்டில் சுரீரென்கிறது, எரியவில்லையா என்று என் முகத்தையே பார்க்கிறார், இல்லை என்கிறேன், கையை எடுக்காமல்.