சிகாகோவுக்குப் போட்ட நாலு கடிதம்

லிஃபென், தூங்கிட்டியா? திரும்பாத. அப்படியே படுத்துக்கிட்டே கேளு, கீழ்க்கட்டில்ல இருக்கிறவ முழிச்சிடுவா.

போன மாசம் கட்சிக்காரங்க நம்மளை உட்கார வச்ச குழுவுல ஆளுக்கொரு தப்பை ஒத்துக்கணும்னாங்கல்ல? மூணு நாளா எனக்கு ஒண்ணுமே தோணல. குழுவை நடத்துற தோழர் யென் கிண்டல் பண்ணினா. "ஏம்மா, அமெரிக்காக்காரி காலேஜ்ல ரெண்டு வருஷம் அவ ரொட்டியத் தின்னிருக்க. நீ மட்டும் கழுவி வச்ச பீங்கானா?" எல்லாரும் சிரிச்சாங்க. அந்த வெட்கத்துல உளறிட்டேன்டி. ஜுவோ டீச்சர் சிகாகோவுக்கு எழுதின நாலு கடிதத்தை நான்தான் தபாலாபீஸ்ல போட்டேன்னு. சின்னதா ஒண்ணு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்.

மைக்ராஸ்கோப்புக்கு லென்ஸ் கேட்டு எழுதினது அது. நம்ம லேப்ல ஒரே ஒரு லென்ஸை வச்சு இருபது பேர் முட்டிக்கிட்டு நின்னோமே! ஆனா கொரியாவுல நம்ம சீனப் படைக்கும் அமெரிக்காவுக்கும் சண்டை நடக்குது. வெள்ளைக்கார பிரின்சிபாலும் கப்பலேறிப் போயாச்சு. மாட்டினது ஜுவோ டீச்சர். லென்ஸ் கேட்டது உளவாயிடுச்சு.

இன்னிக்கு ஜெப ஹால் மேடையில நான் வாசிச்சப்போ நீயும் பார்த்த. 'என்னை ஏமாத்தி உளவுக் கடிதம் போட வச்சாங்க'ன்னு யென் எழுதிக் குடுத்ததைத்தான் வாசிச்சேன். அழுதுகிட்டே வாசின்னா. அதுக்கு நடிக்கத் தேவையே இல்ல.

டீச்சர் என்ன சொன்னாங்க? "அந்தப் பொண்ணு பயத்துல உளறுது. அவ கையில நான் எதையுமே குடுக்கல. நானே நடந்துபோய் போட்டேன்." என்னைக் காப்பாத்தத்தான்டி சொன்னாங்க.

கூட்டம் முடிஞ்சதும் யென் ஒரு தாளை என் முன்னால வச்சா.

"ரெண்டு பேர்ல ஒருத்தி பொய் சொல்றா. யாருடி அது?"

"அக்கா, நான்..."

"அக்கா நொக்கா எல்லாம் வேணாம். எழுது."

நான் சொன்னதுதான் பொய்னு எழுதினா, உளவாளியைக் காப்பாத்துற கூட்டாளி ஆயிடுவேன். எங்கப்பா வேற பாதிரியார். தம்பிக்கு ஒன்பது வயசு.

டீச்சர்தான் பொய் சொல்றாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

நாலு மணிக்கு அவங்களை லாரியில ஏத்தினாங்க. கண்ணாடியைப் பிடுங்கிட்டாங்க போல, படி தெரியாம தடுமாறினாங்க. பக்கத்துலதான் நின்னேன். கை நீட்டல.

லிஃபென், இப்போ நான் சொன்னதையெல்லாம் நாளைக்குக் குழுவுல சொல்லிடு. டீச்சர் என்னைக் காப்பாத்தினாங்கன்னு நான் சொன்னதையும் சேர்த்து. நீ மறைச்சா, அவங்க மறுபடி கேக்கிறப்போ உனக்கும் தெரியும்னு நான் உன் பேரைச் சொல்லிடுவேன். இன்னிக்கு சாயங்காலத்துல இருந்து எனக்கு ஆளைக் காட்டிக்குடுக்க வரும்டி.