ஒரு பெட்டிக்கு மூன்று காவல்

பார்சல் தேங்கிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. குடோனில் மூட்டை தூக்குகிறவன் நான். அங்கே ஒன்று தேங்கினால் மேஸ்திரி முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். அதனால், மகள் வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டரில் 'உங்கள் பார்சல் தேங்கியுள்ளது, இங்கே அழுத்தவும்' என்று செய்தி வந்தபோது, எனக்கு யார் பார்சல் அனுப்பப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை. அழுத்திவிட்டேன்.

பார்சல் வரவில்லை. ஆனால் அதே செய்தி என் பெயரில் எல்லோருக்கும் போய்விட்டது. மகளுக்கு, மாப்பிள்ளைக்கு, போதாக்குறைக்குச் சம்பந்தியம்மாளுக்கும். பேரனுக்கு நான் ஏதோ அனுப்பியிருக்கிறேன் என்று நம்பி அந்த அம்மாளும் அழுத்தியிருக்கிறார்.

மகள் என் பட்டன் போனில் கூப்பிட்டாள். "அத்தையோட கம்ப்யூட்டரே படுத்துடுச்சுப்பா. அவரு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்காரு. நல்ல ஆன்டிவைரஸா பார்த்துப் போடுங்க. போட்டுட்டுச் சொல்லுங்க, அப்புறம் வீடியோல வர்றேன்."

"பையன் நடக்கிறானாமே?"

"ம். போட்டுட்டுச் சொல்லுங்கப்பா."

பட்டன் போனில் குரல் வரும், முகம் வராது. அவளுடைய அம்மா போன பிறகு இந்த வீட்டில் முகம் என்று ஒன்று தெரிவது ஞாயிற்றுக்கிழமை அந்த மடக்கு கம்ப்யூட்டர் பெட்டியில் மட்டும்தான். பேரன் எழுந்து நின்றதை அதில்தான் பார்த்தேன். நடக்கிறதைப் பார்க்க வேண்டும்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "அண்ணே, உங்களுக்கு என்னென்ன வேணும்? பேங்க் வேலை உண்டா, சின்னப் பிள்ளைங்க பார்க்குமா?"

"என் மகளோட பேசணும். அது தமிழ்ல பேசணும்."

எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றதே மகள் கல்லூரிக்குப் போன பிறகுதான். இன்னொரு பாஷைக்கு எனக்கு ஆயுசு போதாது. அவர் தேடிப் பார்த்து, தமிழில் வருவது மூன்றுதான் என்றார். மூன்றுமே ஒரு மாதம் ஓசி. "ஒன்னொன்னா போட்டுப் பாருங்க. ஒத்துவர்றத வெச்சுக்குங்க."

ஒவ்வொன்றாக என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. கனமான பெட்டி வந்தால் குடோனில் ஒருத்தனைத் தனியாகத் தூக்க விட மாட்டோம். மூன்று பேர் கைவைப்போம், எவனுக்கும் சுளுக்காது. காவலும் அப்படித்தானே என்று மூன்றையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டேன். ஒன்றின் ஜன்னல் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். பச்சைக்காரன், மஞ்சக்காரன், நீலக்காரன் என்று பெயரும் வைத்தாயிற்று. 'காவல் போட்டாச்சும்மா' என்று மகளுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்.

அந்த வாரம் வீட்டில் ஆள் இருப்பது போலவே இருந்தது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டுப் பெட்டியைத் திறந்தால் பச்சைக்காரன், 'வணக்கம், இன்று உங்கள் கணினி நலமாக உள்ளது' என்பான். மஞ்சக்காரன், 'சந்தேகத்துக்குரிய ஒன்றைப் பிடித்துவிட்டேன்' என்பான். அவன் பிடித்தது பச்சைக்காரனைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெட்டி ஆமையாக நகர்ந்தது. மூன்று பேர் வேலை செய்கிறார்கள், கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். சாப்பிடும்போது தட்டைப் பெட்டிக்கு எதிரில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்தேன். மகள் வரவில்லை. மஞ்சக்காரன் வந்தான். 'வெளியிலிருந்து நுழைய முயன்ற இணைப்பு தடுக்கப்பட்டது. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.' கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே சொன்னான். திரும்பத் திரும்பச் சொன்னான். விடாக்கண்டன் எவனோ வந்து முட்டுகிறான், நம்ம ஆள் கொடாக்கண்டனாக நிற்கிறான் என்று எனக்கு ஒரு பெருமை. இருட்டியதும் பெட்டியை மூடிவிட்டுப் படுத்தேன். மாப்பிள்ளைக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலும்.

மறுநாள் குடோனில் லாரிக்குக் காத்திருந்தபோது ரேடியோவிடம் சொன்னேன். அவன் என் கூட்டாளி. வாயை மூடவே மாட்டான் என்பதால் ரேடியோ.

"நேத்து ஒரு திருடன் விடாம வந்தான்டா. மஞ்சக்காரன் உள்ளயே விடல."

"ஆமா, உன் வீட்ல கொட்டிக் கிடக்கு, திருடன் வரிசையில நிக்கிறான்." சிரித்தவன் நிறுத்தினான். "எந்நேரம் வந்தான்?"

"மக பேசுற நேரம்."

ரேடியோ தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்.

"யோவ், அது உன் மகளா இருக்கும்யா."

லாரி வந்தது. அன்றைக்கு ஒவ்வொரு மூட்டையும் இரண்டாகக் கனத்தது. ஒரு பிள்ளை அப்பன் வீட்டுக் கதவைத் தட்டத் தட்ட, அப்பன் உள்ளே உட்கார்ந்துகொண்டு காவல்காரனை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறான்.

சாயங்காலம் பெட்டியோடு போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்தார். "அண்ணே, மூணு பேரையும் ஒரே வாசல்ல நிறுத்தினா, ஒருத்தன் சட்டைய ஒருத்தன் புடிப்பான். இவனுங்க அடிச்சுக்கிட்டதுல உங்க வீடியோவும் மாட்டிக்கிச்சு."

எல்லாவற்றையும் எடுத்தார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அவர் என்னை வீடியோவில் கூப்பிட வேண்டும், நான் பார்க்க வேண்டும். பச்சைக்காரன் யார் கூப்பிட்டாலும் திறந்துவிட்டான், என்னைக் கேட்கவில்லை. மஞ்சக்காரன் மூடிவிட்டுப் பிறகு சொன்னான். நீலக்காரன் மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து, 'வெளியிலிருந்து ஒருவர் அழைக்கிறார். அனுமதிக்கலாமா?' என்று கேட்டுவிட்டு நின்றான்.

"இது போதும்."

"அண்ணே, மூணுல இதுக்குத்தான் மார்க் கம்மி. மஞ்சள்தான் நிறையப் புடிக்கும். இது எதுக்கெடுத்தாலும் கேட்டு உயிரை வாங்கும். எரிச்சல்ல நிறையப் பேரு எடுத்துடச் சொல்லிடுறாங்க."

"கேட்கட்டும்."

"தெரியாம ஆமான்னு அழுத்திட்டீங்கன்னா?"

"என் வீட்டுக்கு வர்றது ஒரே ஒரு ஆள்தான். அது தெரியாமப் போயிடுமா?"

அவர் நீலக்காரனை மட்டும் ஏற்றிப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

மகளுக்குப் போன் செய்தேன். "நீங்க கோவிச்சுக்கிட்டு எடுக்கலைன்னு நினைச்சேன்ப்பா" என்றாள். கோபமா, எனக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. "பெட்டில கோளாறும்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீலக்காரன் கேட்டான். அனுமதித்தேன்.

மகளுக்கு முன்னால் மாப்பிள்ளை வந்தார். "மாமா, எதைப் போட்டீங்க? ஸ்கேன் பண்ணிட்டீங்களா? பழைய பாஸ்வேர்டை மாத்தியாச்சா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தலையாட்டிவிட்டு எழுந்து போனார். பின்னால் சம்பந்தியம்மாள் குறுக்கே நடந்து போனார். கும்பிட்டேன். பார்த்தாரா என்று தெரியவில்லை.

மகள் வந்து உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள், அல்லது பெட்டியில் அப்படித் தெரிந்தது. "இப்பத்தான்ப்பா தூங்கினான்" என்று சொல்லி, போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. கொஞ்சம் கிட்டே காட்டச் சொன்னேன். உள்ளங்கால் இரண்டிலும் அழுக்கு.

"நடந்திருக்கான்" என்றேன்.

"வீடு பூரா" என்றாள் மெதுவாக, அவன் விழித்துவிடாதபடி. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "கண்ட லிங்க்கை அழுத்தாதீங்கப்பா, வெச்சிடுறேன்."

முகம் போன இடத்தில் நீலக்காரன் வந்து நின்றான். 'இந்த அழைப்பை இனி எப்படிக் கையாள வேண்டும்?' கீழே மூன்று வரிகள். எப்போதும் அனுமதி. எப்போதும் தடு. ஒவ்வொரு முறையும் கேள்.

மூன்றையும் கூட்டிப் படித்தேன். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்பவன் அவன் ஒருத்தன்தான். ஆனால் நான் ஒருநாள் வேலை முடிந்து வந்து அசந்து தூங்கிவிடலாம். அவள் வாசலில் நிற்க, இவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

முதல் வரியை அழுத்தினேன். 'நன்றி' என்று சொல்லிவிட்டு நீலக்காரன் மூலையில் ஒரு புள்ளியாகச் சுருங்கிப் போனான். அதன்பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை.