இருபத்தேழு கோல் போட்ட பத்துமலை

"பிரபவ வருஷம் ஆடி மாதம் கடைசிச் சனிக்கிழமை, ஆங்கிலத்துக்கு 1927 ஆகஸ்டு பதின்மூன்றாம் தேதி, மாலை ஐந்து மணிக்கு ஈப்போ பட்டணத்துப் பாடாங் மைதானத்தில் தமிழ்ச் சாதியின் மானம் காக்கப்பட இருப்பதால், கருங்கல் தோட்டத்து ஆண், பெண், குழந்தைகள் அனைவரும் குளித்து, தலைவாரி, வெற்றிலை எச்சிலைக் கண்ட இடத்தில் துப்பாதவர்களாக வந்து சேர வேண்டியது. ரயில் யாருக்காகவும் நிற்காது. இப்படிக்கு, ஐயாவு, இரண்டாவது கிராணி, தலைவர், கருங்கல் தோட்ட வாலிபர் ஒழுக்க முன்னேற்றக் கேளிக்கைச் சங்கம்."

ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைச் சுவரில் இது ஒட்டப்பட்டது. சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அதுவரை இவ்வளவு நீளமான அறிவிப்பை யாரும் கண்டதில்லை. தோட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அதை எழுதியவர்.

தமிழ்ச் சாதியின் மானத்தைக் காக்க வேண்டியவன் அந்த நேரத்தில் ஈப்போவில், ஓர் ஈயக் கம்பெனி ஆபீசின் பின்வாசலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். பெயர் பத்துமலை. வயது இருபது. மூன்று மாதத்துக்கு முன்புவரை கருங்கல் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவன். இப்போது கம்பெனியின் பந்தாட்டக் குழுவில் நடு ஆட்டக்காரன். ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுப்பது கண்ணியக் குறைவு என்று பெரிய மனிதர்கள் கருதிய காலம் அது. ஆகையால் ஆட்டக்காரனைப் பியூன் என்று எழுதி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கண்ணியம் தப்பியது. ஆபீசில் பதினோரு பியூன்கள் இருந்தார்கள்.

மூன்று மாதம் பார்ப்போம், பிடித்தால் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் தோட்டத்துக்கே போய்விடு என்பதுதான் பேச்சு. சனிக்கிழமை ஆட்டம் அந்த மூன்று மாதத்தின் கடைசி ஆட்டம். வேலை நிலைத்தால் அத்தை மகள் செல்லாயியைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு அழைத்து வரலாம். நிலைக்காவிட்டால் மறுபடியும் இருட்டில் எழுந்து, பெரட்டுக் களத்தில் நின்று, பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

ஆட்டத்தில் அவனுக்குப் பயமில்லை. பால்மரக் காட்டில் வேலை செய்தவனுக்கு ஒரு கண்பழக்கம் உண்டு. ஓரடி தள்ளி நின்றால் மரமெல்லாம் ஒரே குழப்பம். சரியான இடத்தில் நின்றால் நிரை நிரையாகப் பிரிந்து, காட்டின் அந்தக் கோடிவரை வழி திறக்கும். பத்துமலைக்கு எதிராளிகளும் மரங்கள்தான், கொஞ்சம் ஓடுகிற மரங்கள். பந்தைப் பிடுங்கினான் என்றால் ஓரடி நகர்ந்து நிற்பான், நிரை திறக்கும், அந்த வழியே பந்தை அனுப்புவான். அந்தக் கோடியில் ரஹீம் இருப்பான். பசார் தெருத் துணிக்கடைக்காரர் மகன், முன்வரிசை ஆட்டக்காரன், அரைகுறை ஆங்கிலக்காரன். அவன் அடித்துக் கோலாக்குவான். ஊர் ரஹீமைத் தூக்கிக்கொண்டு ஆடும். பத்துமலை சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவுக்குத் திரும்பிவிடுவான். அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

குறை, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியான ஐயாவுக்குத் தெரிந்தது. பத்துமலை தோட்டத்துக்கு வரும் ஞாயிறுகளில் அவர் வழிமறித்து நிற்பார்.

"எத்தனை?"

"எத்தனை என்னா, கிராணி ஐயா?"

"கோலுடா!"

"நான் போடலிங்க. ரஹீமு ரெண்டு போட்டான்."

"ஒம்போது ஆட்டம் ஆயிருச்சு. நாளெல்லாம் காட்டுல இருந்துட்டு வெறும் வாளியோட வந்து நிக்கிறவன நான் என்னான்னு சொல்றது?"

"நான் நடுவுல ஆடுறேங்க. பந்தப் பறிச்சுக் கொடுக்கிறதுதான் என் வேலை."

"கொடுக்கிறதுக்குப் பேரு தர்மம். அத கோயில்ல போயிப் பண்ணு. ஆட்டம்னா கோல்!"

ஐயாவு இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. அவருக்கு ஒரு வியாதி இருந்தது. எதைக் கண்டாலும் மனு எழுதுவார். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மனு, தண்ணீர் ஏறினால் நன்றி தெரிவித்து ஒரு மனு. இந்த முறை ஈயக் கம்பெனித் துரைக்கே ஆங்கிலத்தில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை துரை பத்துமலையைக் கூப்பிட்டனுப்பினார். துரைக்கு ஈயத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பந்தாட்டத்தைப் பற்றி அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஆனால் நன்றாகக் கத்துவார். ஆகவே இரண்டுக்கும் அவரே தலைவர். அவர் கையில் நான்கு பக்கக் காகிதம் ஒன்று இருந்தது. கீழே இருந்த கையெழுத்து யாருடையது என்று பத்துமலைக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கொடி சுற்றிய பந்தல்கால்போல் கையெழுத்துப் போடுகிறவர் பேராக் முழுக்க ஒருவர்தான்.

ஆபீசின் தலைமைக் கிராணி அதைப் படித்துத் தமிழில் சொன்னார். "மிகுந்த தாழ்மையும் பணிவும் உள்ள விண்ணப்பம் என்னன்னா, பத்துமலை என்கிற இந்தச் சிங்கம் எங்க தோட்டத்துல இருபத்தேழு கோல் போட்டது. இப்ப பொறாமைக்காரங்க சதியால நடுவுல ஒளிச்சு வைக்கப்பட்டிருக்கு. அத முன்வரிசையில அவுத்துவிட்டா மகாராசா புகழ் சீமை வரைக்கும் பரவும்." கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தேழா, தம்பி?"

பத்துமலை தோட்டத்தில் போட்டது ஒரே ஒரு கோல். அது முதுகில் பட்டுப் போனது. போனதும் தன் பக்கத்துக் கோலுக்குள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் துரை மேசையைத் தட்டிவிட்டார். நாளைக்குப் பத்துமலை முன்வரிசை, ரஹீம் நடு. முடிந்தது.

சனிக்கிழமை கருங்கல் தோட்டமே ரயிலேறி வந்து இறங்கியது. ஐயாவு கோட்டும் குடையுமாக முன்னே வந்தார். பின்னே அவருடைய நாற்காலி வந்தது. சங்கத் தலைவர் நின்றுகொண்டு ஆட்டம் பார்ப்பது சங்கத்துக்கே இழுக்கு என்று, ஆபீஸ் நாற்காலியை இரண்டு பேர் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம்.

எதிரணி தாப்பாவிலிருந்து வந்தது. விசில் ஊதியது. பத்துமலை முன்னால் போய் நின்றான். நின்றான், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் எந்த நிரையும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆட்டம் நடந்தது. பந்து வந்தால் பழக்க தோஷத்தில் திரும்பிப் பின்னால் கொடுத்தான். கால் தானாக நடுவை நோக்கி நடந்தது. கூடாரத்திலிருந்து துரை, "டெப்பான்! டெப்பான்!" என்று மலாயில் அலறினார். முன்னால் போ, முன்னால் போ. பத்துமலை முன்னால் போனான். தாப்பாக்காரர்கள் காலியாகக் கிடந்த நடுவழியே கடைத்தெருவுக்கு வந்தவர்கள்போல் உலாவி வந்து இரண்டு கோல் போட்டார்கள்.

"சிங்கம் பதுங்குது," என்று ஐயாவு அறிவித்தார்.

"பதுங்கலிங்க, தூங்குது," என்றது ஒரு குரல்.

இடைவேளையில் கயிற்றோரம் வந்து பத்துமலை தண்ணீர் குடித்தான். தலை நிமிரவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் செல்லாயி நின்றாள். தோட்டத்தில் அவனுக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டுகிறவள். அவன் பால் பிடிக்கும் மங்கில் எத்தனை சொட்டு விழுந்தது என்பதுவரை அறிந்தவள்.

"ஏ மச்சான், அந்தக் கோல் கம்பத்துக்கு என்னா காவலா நிக்கிற? எவனாச்சும் பிடுங்கிட்டுப் போயிருவான்னா?"

"தொரை அங்கதான் நிக்கச் சொன்னாரு."

"தொரை சொன்னா மரத்த தலைகீழா வெட்டுவியா?"

ரஹீம் சேறு பூசிய முகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "பத்து, நான் நடுவுல செக்கு மாடு மாதிரி சுத்துறேன். எந்தப் பக்கம் பார்க்கிறதுன்னே தெரியல. எடத்த மாத்திக்குவோம்."

"தொரத்திருவாருடா."

"இப்படியே ஆடினாலும் தொரத்தத்தான் போறாரு. தொரத்துறதுன்னு ஆகிப்போச்சு, நல்லா ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போலாம்லா."

பத்துமலை துரையின் கூடாரத்தைப் பார்த்தான். செல்லாயியைப் பார்த்தான். ஒரே ஒரு ஆட்டம்தான் மிச்சம், அதிலும் பாதிதான் மிச்சம் என்று தோன்றியது. எழுந்து நேராக நடுவுக்குப் போனான்.

விசில் ஊதி மூன்று நிமிஷம் ஆகவில்லை, பத்துமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒரு தாப்பாக்காரனின் காலடியிலிருந்து பந்தை உரித்தெடுத்தான். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தான். மூன்று பேருக்கு நடுவில் நிரை திறந்தது, காலை வெயிலில் காடு திறப்பதுபோல. பந்தை அதில் உருட்டிவிட்டான். ரஹீம் ஓடிப்போய் ஓர் அடி வைத்தான். கோல்!

தோட்டத்துக் கூட்டம் கையைத் தூக்கியது. தூக்கிய கையைக் கீழே போடாமல் கிராணியைப் பார்த்தது.

"போட்டது துணிக்கடைப் பையன்," என்றார் ஐயாவு. "நம்ம பேருல வராது."

"ஏன் வராது?" பத்துமலை கயிற்றோரமாகத் திரும்பி ஓடும்போது செல்லாயியின் குரல் தெளிவாகக் கேட்டது. "மரத்த வெட்டி மங்குல பால் எடுத்தது எங்க மச்சான். வாளியில கொண்டுபோயி ஊத்தினது துணிக்கடைப் பையன். கொட்டகையில நிறுக்கிறப்ப யாரு பேரு எழுதுவீங்க, கிராணி ஐயா? வெட்டினவன் பேரா, வாளி தூக்கினவன் பேரா?"

ஐயாவு பதினாறு வருஷமாக அந்தக் கொட்டகையில் பெயர் எழுதுகிறவர். "சட்டப்படி…" என்று இழுத்தார். "வெட்டினவன் பேருதான்."

"அப்பறம் என்னா?"

அவ்வளவுதான். பாடாங் அதிர்ந்தது. "பத்துமலை கோலு!" என்று கருங்கல் தோட்டமே குதித்தது. சீனர்களும் மலாய்க்காரர்களும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து குதித்தார்கள். அடித்தவனான ரஹீம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "டேய், நான் வாளி தூக்கியாடா?"

"ஓட்டை வாளி," என்றான் பத்துமலை. "ஓடு, அடுத்தது வருது."

அடுத்தது வந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் சும்மா விளையாட்டு. பத்துமலை பந்தை வலதில் அனுப்பினான், இடதில் அனுப்பினான், ஒருமுறை நடுவரின் கால்களுக்கு நடுவேகூட அனுப்பினான். தாப்பாக்காரர்கள் விலாசம் தேடுகிறவர்கள்போல் அலைந்தார்கள். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. கருங்கல் தோட்டத்தார் அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் துரை கூடாரத்தை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். கழுத்து செம்பருத்தியாக இருந்தது. பத்துமலை சிரிப்பை விழுங்கிக்கொண்டு நேராக நின்றான்.

"சியாப்பா சூரோ?" என்றார் துரை. யார் சொல்லி இடம் மாறினாய்?

தானேதான் என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் பெரட்டுக் களம். பத்துமலை, "சாயா, துவான்…" என்று ஆரம்பித்தான். நான்தான், துரை…

அதற்குள் தாப்பா அணியின் வெள்ளைக்காரத் தலைவர் வேகமாக வந்து துரையின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஏதோ ஆங்கிலத்தில் பொழிந்தார். துரையின் முகம் முதலில் விழித்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. பிறகு அடக்கமாகத் தலை குனிந்தது.

"என்னாடா சொல்றாரு?" என்றான் பத்துமலை.

ரஹீம் காதைக் கடித்தான். "எடைவேளையில ஆளுங்கள மாத்தினீங்களே, அது என்னா மூளைன்னு கேக்குறாரு. தொரை, சும்மா தோணுச்சுங்கிறாரு."

துரை திரும்பிப் பத்துமலையைப் பார்த்தார். தன் மூளையிலிருந்து உதித்த திட்டத்தை அப்படியே நிறைவேற்றிய பியூனை எந்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புவது? "பாகுஸ்," என்று அவன் தோளைத் தட்டினார். நல்லது என்று அர்த்தம். "இஸ்னின்." திங்கட்கிழமை வா. இனி நிரந்தரம்.

பத்துமலையின் கால் அதற்குமேல் தரையில் இல்லை. தோட்டத்தார் தூக்கிவிட்டார்கள். ஐயாவு நாற்காலிமேல் ஏறினார். அதன் ஒரு கால் சேற்றில் இறங்கியதால் சற்றுச் சாய்ந்தபடி முழங்கினார்.

"என்னுடைய மனுவின் நாலாம் பக்கத்தைப் படித்ததும் துரை மனம் மாறினார்! கிந்தாவின் பீமன், பேராக்கின் பார்த்திபன், பத்துமலை இன்று தமிழ்ச் சாதியின் நெற்றியில்…"

"மச்சான்," தோள்களின் மேலிருந்தவனைப் பார்த்துச் செல்லாயி கத்தினாள், "பீமனுக்கு வீடு கொடுப்பாங்களா?"

"ஆபீசுக்குப் பின்னால ஒரு ரூமு!"

"சன்னல் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு!"

"அப்ப சரி, வாரேன்!"

கூட்டம் சிரித்தது. நாற்காலியின் இன்னொரு காலும் சேற்றில் இறங்கியது. பேச்சு நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பத்துமலை ஆபீசுக்குப் போய், நாற்பது உறைகளுக்குத் தபால்தலை ஒட்டினான்.