சூலம் பிடித்த வெண்கலத் தட்டு

தென்காசியில் பைத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. புறாப் பைத்தியம், சீட்டுப் பைத்தியம், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று நாளுக்கு நாலு தரம் விசாரிக்கிற பைத்தியம். குமாஸ்தா தளவாய்க்குப் பிடித்திருந்தது பட்டாளத்துப் பதக்கப் பைத்தியம்.

பழைய பதக்கங்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் பத்தர்களின் பட்டறை. வெள்ளி என்றால் உருக்கிக் கொலுசாக்கிவிடுவார்கள். அது நடப்பதற்கு முன்னால் தளவாய் போய் நிற்பான். வாங்கி வந்து லென்ஸை வைத்து விளிம்பைப் படிப்பான். விளிம்பில் சிப்பாயின் நம்பர், பேர், படைப்பிரிவு மூன்றும் வெட்டியிருக்கும். அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து, வீட்டைக் கண்டுபிடித்து, கதையைக் கேட்டு நோட்டில் எழுதுவான். கதை சோறு போடுமா என்று மனைவி தங்கபுஷ்பம் கேட்டால் அந்த நேரத்துக்கு மட்டும் காது கேட்காது.

முப்பத்தொரு பதக்கங்கள் இருந்த அவன் பெட்டியில், நடுநாயகமாகச் சிவப்பு வெல்வெட்டில் கிடந்தது அவன் அப்பா சங்கரநாராயணனுடையது. முதல் உலக யுத்தத்தில் பாஸ்ரா பக்கம் சண்டை போட்டவர். பேரீச்ச மரத்தடியில் குண்டுக்குத் தப்பியது, பசிக்குக் குதிரைக் கறி தின்றது என்று அவர் சொன்ன கதைகளில் வளர்ந்ததால்தான் தளவாய்க்கு இந்தக் கிறுக்கே பிடித்தது. சீனச் சண்டைக்குப் பிறகு பட்டாளத்தானுக்கு ஊரில் மவுசு கூடியிருந்தது. அந்த 1963 ஆகஸ்டு பதினைந்தில், பள்ளிக்கூட மைதானத்தில் பெரியவரை உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அதற்கு மூன்று நாள் முந்தி தளவாய் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனான்.

வழியில் மங்குஸ்தான் விற்கும் ரெங்கம்மாள் அவனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். குத்துக்கல்வலசைக்காரி, வயது அறுபத்து மூன்று. நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பிச்சிப்பூ, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. புருஷன் இசக்கிப்பாண்டி கல்யாணமான ஆறாம் மாதம் பட்டாளத்துக்குப் போனவர், நாற்பத்தேழு வருஷமாகக் காத்திருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். பட்டாளத்துச் சாமான்களில் உள்ள எழுத்தை அவன் படிப்பான் என்று யாரோ சொன்னார்களாம். புருஷன் கொடுத்தனுப்பிய அம்மன் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதில் வெள்ளைக்கார எழுத்து இருக்கிறது, அவர் இருக்கிற ஊர் அதில் இருந்தாலும் இருக்கும் என்றாள்.

அன்றைக்குக் குளியல் போயிற்று. கடையைக் கட்டியதும் அவளோடு அவள் வீட்டுக்குப் போனான்.

சாமி மாடத்தில் சாப்பாட்டுக் கிண்ணத்தின் வாயளவு வட்டமான வெண்கலத் தட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் துலக்கிய பளபளப்பில் இருந்தது. கையில் சூலம் பிடித்த ஒரு பெண். அருகில் சிங்கம். அவள் நெற்றியில் குங்குமம். அம்மன் இல்லை என்று எந்தத் தமிழன் சொல்வான்?

தளவாய் சொல்வான். படத்தில் பார்த்து அவன் ஏங்கிக்கிடந்த தட்டு அது. பிரிட்டனைப் பெண்ணாக வார்த்து, யுத்தத்தில் செத்த சிப்பாயின் வீட்டுக்கு மட்டும் அந்த அரசாங்கம் அனுப்பியது. உயிரோடு திரும்பியவனுக்கு அது கிடையாது. ‘விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் இவன் உயிர் நீத்தான்’ என்று சுற்றிலும் இங்கிலீஷில் எழுதியிருந்தது. பின்னால் பூவும் பொட்டுமாக நிற்கிறவளை அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

செத்தவனின் பேர் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். அதன் மேல் சந்தனம் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினான். இசக்கிப்பாண்டி என்று இல்லை. சங்கரநாராயணன் என்று இருந்தது.

யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டான்.

"தென்காசி முன்சீப்பு பரமசிவம் ஐயாதான். எங்க மாமனாரு அவுக வயலத்தான் உழுதாரு. எங்க வீட்டுக்காரவுகளப் பட்டாளத்துல தொரைக்குப் புடிச்சுப்போயி, தொரை சீமைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம். இந்த அம்மன வச்சுக் கும்பிடு, ஒம் புருசன் வந்துருவான், வேத்தாளுக்குக் காட்டாதன்னு ஐயா சொன்னாக. அவுகளும் போய்ச் சேந்துட்டாக, இனிமே யாரக் கேக்கன்னுதான் ஒங்களக் கூப்பிட்டேன்."

கிராம முன்சீப்பு பரமசிவம் தளவாயின் தாத்தா. அது அவளுக்குத் தெரியாது. வெளிச்சம் போதவில்லை, காலையில் லென்ஸோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சைக்கிளைத் தென்காசி வரை தள்ளிக்கொண்டே நடந்தான்.

வீட்டில் அப்பா, விழாவுக்குத் தைத்த கோட்டைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிப்பாண்டி யார் என்று கேட்டான். பெரியவர் கோட்டோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மறைக்கவில்லை, அதுவரை நல்லது. யுத்தத்துக்கு ஊருக்கு ஊர் ஆள் கேட்டார்கள். முன்சீப்பு வீட்டிலிருந்தே முதல் பேர் போகவேண்டும் என்றார்கள். தாத்தா மகனின் பேரை எழுதிக்கொடுத்து உழவனின் மகனை அனுப்பினார். அப்பா மூன்று வருஷம் புனலூரில் ஒரு மரக்கிடங்கில் ஒளிந்திருந்தார். பேரீச்சமரமும் குதிரைக் கறியும் அங்கே ஒரு மலையாளத்துச் சிப்பாயிடம் கேட்ட கதைகள். யுத்தம் முடிந்து கடுதாசியும் பதக்கமும் தட்டும் முன்சீப்பு கைக்கே வந்தன. கடுதாசியை அடுப்பில் போட்டார். வெள்ளிப் பதக்கம் வீட்டில் தங்கியது. செத்தான் என்று எழுதிய தட்டு மட்டும் வீட்டுக்கு ஆகாது என்று வெளியே போனது.

முப்பது கதைகளைத் துருவித் துருவி எழுதியவன், தன் வீட்டுக் கதையைத் துருவாமல் விட்டிருக்கிறான். தளவாய்க்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவகிட்டச் சொல்லிராதலே. சொன்னா அந்தத் தாலிய அறுக்குதது நீதான்" என்றார் அப்பா.

அது பொய்யில்லை. இரவெல்லாம் புரண்டான். ஆனால் பொய்யைக் கட்டிக்கொண்டு ஒருத்தி இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள் என்ற கேள்வி விடியும்வரை விடவில்லை. காலையில் வெல்வெட்டிலிருந்து பதக்கத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ரெங்கம்மாள் அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள். தான் யார் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். பாதியில் நிறுத்தியிருந்தால் மீதியைச் சொல்லியிருக்கமாட்டான். பதக்கத்தை அவள் முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. அழுவாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றான். ஒன்றும் நடக்கவில்லை. அவள் தட்டை மாடத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல அவுக பேரு எங்கன இருக்கு?"

எங்கேயும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. தட்டிலும் இல்லை, பதக்கத்திலும் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. அவள் விரல் அந்தச் சின்னக் கட்டத்தில் வந்து நின்றது.

"அப்பம் இது ஒங்க அப்பா பேரா?"

தளவாய் தலையை மட்டும் ஆட்டினான்.

"இதுலதான் நித்தம் சந்தனம் வச்சேன். இந்தப் பேருக்காரன் நல்லா இருக்கணும், நோய்நொடி இல்லாம இருக்கணும்னு நாப்பது வருசத்துக்கு மேல வெளக்கேத்துனேன்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அதான் அவரு இன்னும் இருக்காரு."