வாசலில் பறிபோன சொற்கள்

காலையிலேயே நிக்காஹ் முடிந்துவிட்டது. பெண் வீட்டு மணமேடையில் மணப்பெண் மெலாத்தியின் பக்கத்தில் போய் உட்காருவது மட்டும்தான் சுல்ஃபிக்ரிக்குப் பாக்கி. ஆனால் எங்கள் மலாய் வழக்கப்படி வாசலில் பெண்ணின் உறவுக்காரிகள் துணியைக் குறுக்கே பிடித்து வழியை மறித்திருந்தார்கள். ஆளுக்கொரு அன்பளிப்பு உறை நீட்டினால் துணி இறங்கும். மாப்பிள்ளைத் தோழனான நான் உறைகளோடு தயாராக நின்றேன்.

பெண்ணின் அக்கா ரோசியா அவற்றைத் தள்ளிவிட்டாள். பல்கலைக்கழகத்தில் சொற்களின் பிறப்பை ஆராய்கிறவள்.

“உள்ள விடச் சொல்லி நீங்களே கேளுங்க மாப்பிள்ளை. ஆனா சமஸ்கிருதத்துலேர்ந்து வந்த சொல் ஒண்ணுகூட வரக்கூடாது.”

“இவ்ளோதானாக்கா?” சுல்ஃபிக்ரி நெஞ்சில் கைவைத்துத் தொடங்கினான். “சயா...”

“போச்சு!”

‘நான்’ என்று சொன்னதற்கே போச்சு. ‘சகாய’ என்ற சமஸ்கிருதச் சொல் எங்கள் மலாய்க்கு வந்து துணையாள், பணியாள், அடியேன் என்று இறங்கி, கடைசியில் ‘சயா’ ஆகிவிட்டது. பணிவு கரைந்து, ‘நான்’ மட்டும் மிஞ்சியது.

மனைவி என்று சொல்லப் போனான். ‘இஸ்தெரி’, அது ஸ்திரீ. கணவன் என்றான். ‘சுவாமி’யை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லவே வேண்டாம்.

“என் பொண்டாட்டி பேரையாவது சொல்லலாமா?”

“மெலாத்தியா? அது மாலதி!”

பெண்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளே மெலாத்தி விசிறிக்கொண்டிருந்தாள்.

“டேய், ‘அக்கு’ன்னு சொல்லுடா. அது நம்ம சொந்தச் சொல்தானே!” என்று அவன் காதில் ஓதினேன்.

“மாமியார் நிக்கறாங்கடா! அவங்க முன்னாடி ‘அக்கு’ன்னா செருப்படிதான்.”

உண்மைதான். ‘அக்கு’ நண்பர்களுக்குள் பேசுகிற ‘நான்’. பெரியவர்கள் முன்னால் சொன்னால் திமிர். மரியாதையான ‘நான்’ கடன் வாங்கியது. சொந்தமான ‘நான்’ மரியாதை கெட்டது. நடுவில் என் நண்பன் வியர்த்து நின்றான்.

அப்புறம் அவன் ரோசியாவை விட்டுவிட்டு, அவள் பின்னால் நின்ற மாமியாரைப் பார்த்தான். வீட்டில் பெற்றவளிடம் நாங்கள் ‘நான்’ என்றா சொல்கிறோம்? பிள்ளை என்றே சொல்லிக்கொள்வோம்.

“மாக், அனாக் லாப்பார்.”

அம்மா, பிள்ளைக்குப் பசிக்குது. மூன்று சொல், மூன்றும் எங்கள் மண்ணில் முளைத்தவை. ரோசியா விரல்விட்டுச் சரிபார்த்து முடிப்பதற்குள் மாமியார் துணியைப் பிடுங்கி எறிந்தார்.

“பிள்ளையப் பட்டினி போட்டுட்டு வாசல்ல என்னடி ஆராய்ச்சி!”

கையைப் பிடித்து இழுத்துப் போனார். மணமேடைக்கு இல்லை, நேராகச் சாப்பாட்டுப் பக்கம்.

“அம்மா! அவர முதல்ல இங்க அனுப்புங்க!” என்று மேடையிலிருந்து மெலாத்தி கத்தினாள்.