எட்டுத் தாடிக்கு ஒரு ரேசர்

அடிவயிற்றில் பாலுண்ணி முளைத்ததுமே ரஹ்மத் முடிவு கட்டிவிட்டாள். கணவன் அம்மார் சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் அவள் உடம்பில் ஒரு பொட்டு கிடையாது. அப்படியென்றால் அங்கே எவளோ ஒருத்தி இருக்கிறாள். அவனிடமே கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்காமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். சென்ட் பாட்டிலைத் தன் தங்கைக்குக் கொடுத்த கோபம் என்று நினைத்துக்கொண்டு, அந்த அப்பாவி வாய் திறக்காமல் சாப்பிட்டான்.

உள்ளூர் லப்பைக்குடிகாட்டில் டாக்டரிடம் காட்டினால் அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். புர்காவை மாட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினாள். தோல் டாக்டர் கிளினிக்கில் ஏற்கெனவே ஒரு புர்கா உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தது. முகத்தை மூடலாம், அந்தத் தும்மலை எப்படி மூடுவது? ரஹ்மத் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் அடுத்த தெரு ஃபைஸாவேதான்.

"என்ன லாத்தா, இங்க?"

"முடி கொட்டுது. நீ?"

"எனக்கும் முடிதான்."

ஃபைஸா டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனதும் ரஹ்மத் உள்ளே போனாள். டாக்டர் மணிமொழி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர்.

"இது வைரஸ்மா. பெரியவங்களுக்கு அதிகமா தாம்பத்தியத்துல ஒட்டும். ஆனா தோலோட தோல் பட்டாலே போதும். ஒரே துண்டு, ஒரே ரேசர்னாலும் வரும். அதுமேல ஷேவ் பண்ணா, சொறிஞ்சா, மத்த எடத்துக்கும் பரவும்."

"யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு தெரியுமா டாக்டர்?"

"அத யாராலயும் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. எதுக்கும் ரத்தமும் பாத்துடலாம்."

அந்தப் பதில் அவளை இன்னும் அழுத்தியது. கீழே மருந்துக் கடையில் ஃபைஸா கையில், ரஹ்மத்துக்கு எழுதிக் கொடுத்த அதே களிம்பு இருந்தது. இரண்டு பேரும் சீட்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள்.

"லாத்தா, உங்க வூட்டு மச்சானுக்குத் தாடியில இருக்கா?" என்று கேட்டாள் ரஹ்மத்.

"தாடி பூரா இருக்குடி. நானும் அவர என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"எங்க வூட்டு மச்சானுக்கும் தாடியிலதான். சூட்டுக் கொப்புளம்னாரு."

ஃபைஸாவின் கணவன் ஹபிபுல்லாவும் லீவில்தான் வந்திருந்தான்; அவனும் அம்மாரும் தம்மாமில் ஒரே ரூம்.

"யா அல்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஃபைஸா. "சலூனுக்குத் தண்டம் அழுவானேன்னு, வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு முன்னால ரூம்ல இருக்குற எட்டுப் பேருக்கும் எங்க வூட்டுக்காரருதான் தாடி ஓரம் எடுப்பாரு. ஒரே ரேசரு. அதப் பெருமையா வேற சொல்லிக்குவாரு!"

பஸ்ஸில் வரும்போது ரஹ்மத்துக்கு மனசு லேசாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மார் பக்கத்தில் உட்கார்ந்து ரேசர் கதையைச் சொன்னாள்.

"மச்சான், உங்களத் தப்பா நெனச்சுட்டேன். அங்க எவளோ இருக்கான்னு..."

அம்மார் தலையைத் தூக்கவில்லை. "நானுந்தான்."

"நீங்களுந்தான்னா?"

"எனக்குக் கீழயும் இருக்கு. ஊருக்கு வந்தப்புறந்தான் பாத்தேன். நான் இல்லாதப்ப நீ எவன்கிட்டயோன்னு..."

மன்னிப்புக் கேட்க வந்தவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. "ரெண்டு வருஷமா உங்க போனுக்குக் காத்துக் கெடந்த என்னையா?" என்று களிம்பை அவன்மேல் வீசினாள்.

"நீ மட்டும் நெனைக்கலாமாக்கும்?"

அவளுக்கு அழுகை வந்தது, பாதியிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே பஸ் ஏறுவோம்," என்றாள். "எவன் பாத்தா என்ன?"