எட்டு டப்பா

ஆய்வுக்கூடத்தில் அப்போது இருந்தவர்கள் மூன்று பேர்: வெளிநாட்டு மாநாட்டுக்குப் பெட்டி கட்டிவிட்டு வந்த இயக்குநர், வீடுவீடாகப் போய் மாதிரி வாங்கிவரும் களப்பணியாளன், அவனுடைய அண்ணியான பரிசோதகி. மேஜைமேல் குவாரிக் குடியிருப்பைச் சேர்ந்த எட்டுக் குழந்தைகளின் பெயர் எழுதிய எட்டு டப்பா மலம்.

உலக மக்களின் ஆரோக்கியமே நம் லட்சியம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் அந்த லட்சியத்திலிருந்து பரிசோதகியின் பங்குக்கு வந்தது மலம்தான். நாற்றம் அவளை ஒன்றும் செய்வதில்லை. அதற்கு மூக்கு எப்போதோ மரத்துவிட்டது. இன்று குமட்டியது வேறு காரணத்தால். எட்டு டப்பாவிலும் ஒரே மாதிரிப் பச்சைத் துணுக்குகள். முந்தாநாள் கொழுந்தனின் மகள் பச்சை மெழுகுக் கலர்க்குச்சியைக் கடித்துத் தின்றபோது, வாய்க்குள் விரலை விட்டு மிச்சத்தை வழித்தெடுத்தவள் இவள்தான். போன மாதம் அந்தக் குழந்தைக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தவளும் இவள்தான். அப்புறம் புழு முட்டை எங்கிருந்து தெரியும்? எட்டும் சுத்தம்.

"குவாரிக் குடியிருப்புக்குப் போனியா, இல்லையா?"

"ரெண்டு தடவை போனேன் அண்ணி. 'பீ கேட்டு வந்திருக்கான் பாரு தொரை'ன்னு சிரிக்கறாங்க. நாயை வேற அவுத்து விட்டாங்க."

"அதுக்கு? பெத்த பொண்ணோடதையே எட்டாப் பங்கு போட்டியா?"

இயக்குநர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே சிரித்தார். வாசனைத் திரவியம் தெளித்த கைக்குட்டை.

"விடும்மா. பீயில என்ன, என்னுது உன்னுதுன்னு? எட்டு பேரால எந்தக் குடி முழுகிடப் போகுது? கையெழுத்தைப் போடு."

"இந்த எட்டை வச்சுதானே சார் அந்தக் குடியிருப்புக்கு மாத்திரை வேணுமா வேணாமான்னு எழுதுவீங்க? பூச்சி இல்லன்னு போனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு மாத்திரை வராது."

"இவனுக்கு வேலை கேட்டு என் ரூம் வாசல்ல நின்னது யாரு? வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

அந்தக் குடியிருப்புக் குழந்தைகளை அவள் பார்த்திருக்கிறாள். வயிறு பானை, கால் குச்சி. மேடையில் இவர் காட்டப்போகும் வரைபடத்தில் அவர்கள் 'பூச்சி இல்லை' என்கிற வெறும் பச்சைப் புள்ளியாக இருப்பார்கள்; கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்டுவார்கள். கைக்குட்டையின் வாசனை தொண்டைவரை இறங்கியது.

கையுறையை உருவிக் குப்பைக் கூடையில் போட்டாள். அலமாரியைத் திறந்து எட்டுப் புது டப்பாக்களை எடுத்துப் பையில் திணித்தாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"பீ கேட்டு வாங்க. நாய் கடிச்சா கடிக்கட்டும்."

"போனா அப்படியே போயிடணும்" என்றார் இயக்குநர்.

"அண்ணி, அண்ணன் கேட்டா நான் என்ன சொல்ல?"

"உம் பொண்ணுக்கு வயிறு நல்லாருக்குன்னு சொல்லு."

வெளியே வெயில் பல்லைக் காட்டியது. அவள் இரண்டாவது படியில் கால் வைப்பதற்குள் பின்னால் கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டது. திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனின் கை. சாவி இரண்டு தரம் திரும்பியது.